ரட்லெட்ஜ் ஏன் ஆற்றைக் கடந்து திரும்பி வந்தார்?

ஜான் ஃபோர்டு இயக்கி 1960-இல் வெளிவந்த ‘சார்ஜெண்ட் ரட்லெட்ஜ்’ படத்தைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால் கதையில் உள்ள ஒரு முடிச்சைப் பற்றிய கேள்வி. பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட ஒருவனின் மீட்சி என்று இந்தப் படத்தை எல்லோரும் வருணிக்கிறார்கள். குற்றமே செய்யாதவனுக்கு மீட்சி எதற்கு, காவலிலிருந்து தப்பி வெகுதூரம் போய்விட்டவன் எதற்காகத் திரும்பி வந்து தூக்குக் கயிற்றுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: தன்னைத் தூக்கிலிடக் காத்திருக்கும் வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்ற ஒரு கறுப்பினச் சிப்பாய் ஓடி வருவதை வீரம் என்று காட்டுவது, எசமான விசுவாசத்துக்குப் புதுப் பெயர் சூட்டுவதுதானே? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முதலாவதைக் கடந்துதான் போக வேண்டும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குற்றவியல் வழக்குகளில் பெரும்பாலும் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, வாதாடியவன். அமெரிக்க இராணுவச் சட்டம் என் துறையன்று. ஒரு திரைப்படச் சங்கத்துக்காக இந்தப் படத்தைப் பலமுறை திரையிட்டுப் பேசியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் படத்தைவிட அதிலுள்ள வழக்கே என்னை அதிகம் இழுத்திருக்கிறது. அந்த வழக்கு இதுதான். ஆண்டு 1881, இடம் அரிசோனா பிரதேசம். கறுப்பினச் சிப்பாய்களையும் வெள்ளை அதிகாரிகளையும் கொண்ட ஒன்பதாவது குதிரைப்படையின் முதல் சார்ஜெண்ட் பிராக்ஸ்டன் ரட்லெட்ஜ். படைத்தளபதியின் இளவயது மகள் வன்புணரப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள், தளபதியும் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார், ரட்லெட்ஜைக் காணவில்லை. அவரைத் தேடிப் பிடிக்கும் லெப்டினன்ட் கான்ட்ரெல் என்பவரே பிறகு இராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடுகிறார். ஒரே ஆள் கைது செய்த அதிகாரியாகவும், சாட்சியாகவும், எதிரியின் வழக்கறிஞராகவும் இருப்பதை என் போன்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும் என்றாலும், கதைக்கு அது தேவைப்படுகிறது: அந்தப் பட்டாளத்தில் ரட்லெட்ஜை நம்பக்கூடிய அதிகாரி ஒருவர்தான், அவரும் முதலில் கைவிலங்குடன்தான் வருகிறார்.

படம் சாட்சிகளின் வழியே பின்னோக்கிப் போய்ப்போய் வருகிறது. சாட்சி பேசத் தொடங்கியதும் நீதிமன்றம் இருண்டு, அவர் மீது மட்டும் வெளிச்சம் தங்கி, காட்சி மாறுகிறது. முதல் சாட்சி மேரி பீச்சர் என்ற இளம்பெண். இரவில் ஆளரவமற்ற ஒரு ரயில் நிலையத்தில் தனியாக இறங்குகிறாள். நிலைய அதிகாரி செத்துக் கிடக்கிறார். பதறி வெளியே ஓடுகிறவளின் வாயை இருட்டிலிருந்து நீளும் ஒரு கறுத்த கை பொத்துகிறது. அரசுத் தரப்பின் கேப்டன் ஷாட்டக் அந்த இடத்தில் விசாரணையை நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறார். மீதியைக் கான்ட்ரெல்தான் சொல்ல வைக்கிறார்: நிலைய அதிகாரியைக் கொன்ற அபாச்சிகள், அதாவது அந்தப் பகுதியின் பூர்வகுடிப் போராளிகள், அருகில் இருந்ததால்தான் ரட்லெட்ஜ் அவள் வாயைப் பொத்தினார், குண்டுக் காயத்தோடு இருந்த நிலையிலும் அவளைக் காப்பாற்றினார். பொய்ச் சாட்சி சொல்லிக் கெடுத்த வழக்குகளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். உண்மையைப் பாதியில் வெட்டி நிறுத்திக் கெடுத்த வழக்குகள் ஏராளம். மேரி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அந்த இடமே ஒரு மனிதனைக் கொலையாளியாக்கிவிடுகிறது. அந்தக் கையைக் கண்டதும் அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறதல்லவா? அதைத்தான் ஃபோர்டு கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். ரட்லெட்ஜின் முகத்தை நாம் பார்ப்பதற்கு முன்பே நாமும் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

வழக்கின் இரண்டாவது தூண் அவர் ஓடிப்போனது. எந்த நாட்டு நீதிமன்றமானாலும், தலைமறைவானவன் குற்றவாளிதான் என்று சாதாரண மனம் உடனே முடிவுகட்டும். அனுபவமுள்ள நீதிபதிகள் அதற்கு மிகக் குறைந்த எடையே தருவார்கள், ஏனென்றால் குற்றமற்றவனும் பயத்தில் ஓடுவான், நம்பிக்கை இல்லாத இடத்தில் குற்றமற்றவன்தான் முதலில் ஓடுவான். ரட்லெட்ஜ் தளபதியின் வீட்டுக்குள் நுழைந்தபோது பெண் ஏற்கெனவே இறந்து கிடந்தாள். அவளுடைய உடலை அவர் மூடிவிட்ட நேரத்தில் தந்தை உள்ளே வந்து, கண்டதை வைத்து முடிவுகட்டி, சுட்டார். தற்காப்புக்காக ரட்லெட்ஜ் திருப்பிச் சுட்டார். இதைச் சொன்னால் நம்புவதற்கு அந்த முகாமில் யாரும் இல்லை என்று அவர் கணக்கிட்டது தவறென்று சொல்ல முடியுமா? வெள்ளைப் பெண் சம்பந்தப்பட்ட விவகாரம் என்று வந்துவிட்டால் எங்களால் எதிர்த்து நிற்கவே முடியாது என்ற பொருளில் அவரே படத்தில் பேசுகிறார். இது 1881-இன் பயம் மட்டுமன்று. படம் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 1959 ஏப்ரலில், மிசிசிப்பி மாநிலத்தின் பாப்லர்வில்லில் வெள்ளைப் பெண்ணை வன்புணர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த மேக் சார்ல்ஸ் பார்க்கர் என்ற கறுப்பின இளைஞரை, விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்று ஆற்றில் வீசியது. அன்றைய பார்வையாளர்களுக்கு ரட்லெட்ஜ் ஓடியதற்கான காரணம் செய்தித்தாளிலேயே இருந்தது.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ரட்லெட்ஜின் மீது உண்மையில் இரண்டு பழிகள் இருக்கின்றன. வன்புணர்வும் கொலையும் பொய்ப்பழி. அதிலிருந்து அவர் மீள வேண்டியதே இல்லை, அதை அவர் மீது சுமத்தியவர்கள்தான் மீள வேண்டும். இரண்டாவது, தன் படையை விட்டு ஓடியது. அது பொய்யன்று, அவர் செய்ததுதான், அதுதான் அவரை அரிக்கிறது. தமிழில் நாம் மீட்சி என்று சொல்லும்போது அதற்குள் மீளுதல், அதாவது திரும்பி வருதல், இயல்பாகவே அடங்கியிருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்டோம் என்று சொல்லும்போது அந்த நகை எப்போதுமே நம்முடையது, நடுவில் இன்னொருவன் பெட்டியில் இருந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது. ரட்லெட்ஜுக்கு நடப்பது இந்தப் பொருளில்தான் மீட்சி. மன்னிப்புக் கேட்டுப் புனிதமடையும் பாவியின் கதையாக இதைப் பார்த்தால் முடிச்சு அவிழாது. மற்றவர்கள் தன்னை நம்பமாட்டார்கள் என்ற பயத்திடம் தன் மானத்தை அடகு வைத்துவிட்டு ஓடிய ஒருவர் அதைத் திருப்பி எடுக்க வருகிறார் என்று பார்த்தால் ஆற்றுக் காட்சி தெளிவாகிவிடும். கைதியாகக் கொண்டுசெல்லப்படும் வழியில் நடக்கும் சண்டையின்போது அவர் தப்பிவிடுகிறார், போய்க்கொண்டே இருந்திருக்கலாம். தம் தோழர்கள் வந்துகொண்டிருக்கும் வழியில் அபாச்சிகள் பதுங்கியிருப்பதைக் கண்டதும் குதிரையைத் திருப்பி, குண்டு மழைக்கு நடுவே ஆற்றைக் கடந்து வந்து எச்சரிக்கிறார். பக்கம்பக்கமான நீதிமன்ற வசனங்களை விட அந்த ஒரு சவாரி அதிகம் பேசுகிறது.

ஏன் திரும்பினாய் என்று குறுக்கு விசாரணையில் ஷாட்டக் கேட்கிறார். நீதிமன்றத்தின் இரக்கத்தைப் பெறுவதற்காகத் திட்டமிட்டுத்தானே திரும்பினாய் என்ற ஏளனம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நல்லது செய்தவனின் நல்லதையே அவனுக்கு எதிரான சான்றாக மாற்றுவது பழைய உத்தி, நானும் எதிர்த்தரப்பில் அதைப் பார்த்து வெந்திருக்கிறேன். ரட்லெட்ஜ் எழுந்து நின்று, ஒன்பதாவது குதிரைப்படைதான் தன் வீடு, தன் சுதந்திரம், தன் சுயமரியாதை என்றும், அதை விட்டு ஓடியபோது தான் யாராகிப் போனோம் என்றும், தான் ஒரு மனிதன் என்றும் உடைந்த குரலில் சொல்கிறார். இங்கே சட்டம் சார்ந்த ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்கக் கூட்டரசின் நீதிமன்றங்களிலும் இராணுவ நீதிமன்றங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவர் தாமே விரும்பினால் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியப் பிரமாணத்துடன் பேசலாம் என்று அனுமதித்த சட்டம் 1878 மார்ச்சில்தான் வந்தது. கதை நடக்கும் 1881-இல் அந்த உரிமைக்கு மூன்று வயது. முன்பு அடிமையாக இருந்த ஒருவர் தன் உயிருக்காகத் தன் வாயாலேயே பேசுவது அன்றைக்குப் புதிய காட்சி. நீதிமன்றக் காட்சிகள் எத்தனையோ பார்த்துச் சலித்துவிட்ட நமக்குத்தான் அது பழகிப்போயிருக்கிறது.

இனி விசுவாசம் பற்றி. உங்கள் ஐயத்தைப் படமே ஓரிடத்தில் எழுப்புகிறது. மாஃபட் என்ற சிப்பாய் ரட்லெட்ஜின் கைகளில் உயிரை விடும்போது, வெள்ளைக்காரனின் போரை நாம் ஏன் போட வேண்டும் என்கிறார். ரட்லெட்ஜ் அதை மறுத்து, நாம் நம் பெருமைக்காகப் போரிடுகிறோம், உன் சிறு மகள்கள் ஒருநாள் அதை நினைத்துத் தலைநிமிர்வார்கள் என்ற பொருளில் பதில் சொல்கிறார். லிங்கன் விடுதலை என்று சொல்லிவிட்டார், ஆனால் அது இன்னும் உண்மையாகவில்லை என்றும் அவர் சொல்கிறார். எசமானுக்கு வாலாட்டுகிறவன் இப்படிப் பேசமாட்டான். ரட்லெட்ஜ் எந்த அதிகாரியையும் தேடித் திரும்பவில்லை, பதுங்கியிருந்த துப்பாக்கிகளுக்கு நேராக வந்துகொண்டிருந்த கறுப்பினச் சிப்பாய்களைத் தேடித்தான் திரும்பினார் என்பதே என் வாசிப்பு. காட்சியில் அவர் முதலில் சென்றடைவது அவர்களைத்தான்.

ஆனால் இதோடு உங்கள் ஐயம் தீர்ந்துவிடாது, தீரவும் கூடாது. ஒரு கறுப்பின வீரரின் மானம் நிலைநாட்டப்படுவதற்கு இந்தப் படத்தில் அபாச்சிகள் முகமற்ற எதிரிகளாகச் செத்து விழ வேண்டியிருக்கிறது. அவர்கள் எந்த நிலத்துக்காகப் போரிட்டார்கள், அரசு அவர்களை அடைத்து வைத்த ஒதுக்கிடங்களை விட்டு ஏன் வெளியேறினார்கள் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒடுக்கப்பட்ட ஒருவர் தன் மனிதத்தன்மையை இன்னொரு ஒடுக்கப்பட்ட மக்களின் மீது குதிரை ஓட்டித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது என்பது வரலாற்றின் கசப்பு. ‘எருமை வீரர்கள்’ என்று பெயர் பெற்ற அந்தப் பட்டாளங்களின் வாழ்க்கையே அதுதான். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டான 1866-இல் தொடங்கப்பட்ட ஒன்பதாவது குதிரைப்படை 1881 கோடையில் உண்மையில் நியூ மெக்சிகோவில் நானா என்ற முதிய அபாச்சித் தலைவரைத் துரத்திக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் குசில்லோ நெக்ரோ மலையடிவாரத்தில் நடந்த சண்டையில் மோசஸ் வில்லியம்ஸ் என்ற முதல் சார்ஜெண்ட், குலைந்துபோன தன் அணியைத் திரட்டி, தன் லெப்டினன்டின் பக்கத்தில் நின்று தோழர்களைக் காப்பாற்றினார். அதற்கான வீரப் பதக்கம் அவருக்கு 1896-இல்தான் கிடைத்தது. ரட்லெட்ஜ் கற்பனை, ஆனால் அவரைப் போன்ற முதல் சார்ஜெண்ட் கற்பனை அல்லர்.

கற்பனை எங்கே வழுக்குகிறது என்றால் தீர்ப்பில்தான். படம் தேர்ந்தெடுத்திருக்கும் அதே 1881-இல் அமெரிக்க இராணுவம் உண்மையாகவே இரண்டு கறுப்பினத்தவரை விசாரித்தது. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் மாணவர் ஜான்சன் விட்டேக்கர் 1880 ஏப்ரலில் அடித்துக் கட்டிலில் கட்டிப்போடப்பட்டு, காதில் வெட்டுக் காயங்களுடன் கண்டெடுக்கப்பட்டார். அவரே தன்னைக் கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டார் என்று கல்லூரி முடிவுகட்டி, இராணுவ நீதிமன்றம் 1881-இல் அவரைக் குற்றவாளி என்றது. 1882-இல் குடியரசுத் தலைவர் ஆர்தர் அந்தத் தீர்ப்பை நீக்கினார், ஆனால் ஒரு தேர்வில் தேறவில்லை என்று சொல்லிக் கல்லூரி அவரை வெளியேற்றிவிட்டது. அவர் பெற வேண்டியிருந்த அதிகாரிப் பதவி, இறந்து பல பத்தாண்டுகள் கழித்து 1995-இல் வழங்கப்பட்டது. அதே கல்லூரியில் 1877-இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர் டெக்சாஸின் டேவிஸ் கோட்டையில் பணிபுரிந்தபோது கையாடல் குற்றச்சாட்டில் 1881-இன் இறுதி மாதங்களில் விசாரிக்கப்பட்டார். கையாடல் நிரூபிக்கப்படவில்லை; ஆனால் அதிகாரிக்குத் தகாத நடத்தை என்று சொல்லி 1882-இல் படையிலிருந்து நீக்கினார்கள். 1940-இல் அவர் இறந்தார். 1976-இல் அவருடைய பணிநீக்கம் கண்ணியமான விடுவிப்பாகத் திருத்தப்பட்டது. 1999-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்பு வழங்கினார். இந்த இருவரின் வழக்குகளை வைத்துத்தான் திரைக்கதை எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ரட்லெட்ஜுக்கு ஒரே அமர்வில் கிடைத்த நீதிக்கு உண்மையில் எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

படத்தில் அது எப்படிக் கிடைக்கிறது? முகாமில் கடை நடத்தும் வெள்ளையரான ஹப்புள், கான்ட்ரெலின் நெருக்கடியில் உடைந்து அழுது, அந்தப் பெண்ணைக் கொன்றது தான்தான் என்று கூண்டிலேயே ஒப்புக்கொள்கிறார். ஒரு தொழில்முறை ஆளாக எனக்கு இந்த முடிவு மீது தீராத வருத்தம் உண்டு. முப்பது ஆண்டுகளில் ஒரு சாட்சிகூட என் கேள்விக்கு மண்டியிட்டு அழுது கொலையை ஒப்புக்கொண்டதில்லை. வழக்குகள் அப்படி முடிவதில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று. ரட்லெட்ஜுக்கு எதிரான சான்றுகள் போதாது என்று நீதிமன்றம் சொல்லி அவரை விடுவித்திருந்தால், அது சட்டம் ஒரு கறுப்பினத்தவரை நம்பியதாக ஆகியிருக்கும். இங்கே உண்மைக் குற்றவாளி தானாகவே அகப்பட்டுவிடுவதால், நீதிபதிகள் ரட்லெட்ஜின் சொல்லை நம்பினார்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சங்கடத்திலிருந்து தப்பிவிடுகிறார்கள். வழக்கின் நடுவே தண்ணீர் என்று சொல்லி மதுவருந்துவதும் சீட்டாடுவதுமாக அவர்களைக் கேலிப்பாத்திரங்களாக்கியிருக்கிறார் ஃபோர்டு; அந்த நகைச்சுவை எனக்கு ஒட்டவில்லை, ஒரு மனிதனின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பதை அது தற்செயலாகச் சரியாகவே சொல்கிறது என்றாலும்.

மீட்சி தேவைப்பட்ட இன்னொருவர் இயக்குநர்தானோ என்று விமர்சகர்கள் கேட்பதுண்டு. வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைப் போற்றிய 1915-ஆம் ஆண்டின் மௌனப் படமொன்றில் முகமூடி அணிந்த குதிரைவீரர்களில் ஒருவராகத் தானும் நடித்ததாக ஃபோர்டே சொல்லிக்கொண்டவர். முப்பதுகளில் அவர் எடுத்த படங்களில் கறுப்பினப் பாத்திரங்கள் சிரிப்பு மூட்டுவதற்கே வந்தன. அதே சமயம் கும்பல் கொலைக்கு எதிரான காட்சிகளையும் 1939-இலும் 1953-இலும் எடுத்திருக்கிறார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல என்னால் இயலாது; படத்தில் இருப்பதை மட்டும் சொல்லலாம். வானத்தின் பின்னணியில் கீழிருந்து மேலே பார்த்து ரட்லெட்ஜை அவர் படமாக்கியிருக்கும் விதம், ஹாலிவுட் அதுவரை வெள்ளை நாயகர்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்த கோணம். அந்த வேடத்தில் நடித்த வுட்டி ஸ்ட்ரோட், 1946-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்து, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் நிலவிய நிறத்தடையை உடைத்தவர்களுள் ஒருவர். அந்த ஆற்றைக் கடந்த சவாரியைப் பற்றிப் பின்னாளில் பேசும்போது, கறுப்பின மக்கள் எல்லோரையும் சுமந்துகொண்டு கடந்ததாக அவர் சொன்னார். உங்கள் கேள்விக்கு நான் எழுதக்கூடிய எதைவிடவும் அந்த வாக்குமூலத்துக்கு எடை அதிகம் என்று கருதுகிறேன், ஏனென்றால் விசுவாசத்தையும் மானத்தையும் வேறுபடுத்திப் பார்க்கும் தகுதி நம்மிருவரையும்விட அவருக்கு அதிகம்.

ஆனால் அதே ஸ்ட்ரோட்டின் பெயர், தலைப்புப் பாத்திரத்தில் நடித்திருந்தும், பெயர்ப் பட்டியலில் கான்ட்ரெலாக நடித்த ஜெஃப்ரி ஹன்டர், மேரியாக நடித்த கான்ஸ்டன்ஸ் டவர்ஸ் ஆகியோருக்குப் பின்னால்தான் வருகிறது. கடைசிக் காட்சியும் அப்படியே. விடுதலையான ரட்லெட்ஜ் தம் சிப்பாய்களுடன் பணிக்குத் திரும்பிப் போகிறார். படம் அவர்களோடு போகாமல், கான்ட்ரெலும் மேரியும் முத்தமிட்டுக்கொள்ளும் இடத்தில் நின்றுவிடுகிறது. நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் அந்த முத்தத்தை விட்டுவிட்டுப் பின்னால் கடந்து போகும் குதிரைகளைக் கவனியுங்கள்.